முத்துலட்சுமி ரெட்டியும் மானிய நிலமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகளின் பள்ளிப் பேச்சுப் போட்டிக்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் படித்தேன். மருத்துவராக, அவ்வை இல்லத்தையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் உருவாக்கியவராக அவர் மேல் பெருமதிப்பு வருகிறது. ஆனால் சட்டசபை உறுப்பினராக? ஓட்டு வாங்கி வந்தவரில்லை, நியமன உறுப்பினர். நான்கு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1947-ல். ‘சட்டம் கொண்டுவந்தவர்’ என்று எல்லோரும் எழுதுவது மிகையில்லையா?

ச., புதுக்கோட்டை

அன்புள்ள ச.,

நீங்கள் சொன்ன தகவல்கள் சரி. ஆனால் நியமனத்தை நான் குறையாக நினைக்கவில்லை. பெண்கள் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போட்டியிடவே 1926-ல்தான் வழி பிறந்தது. அந்தத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய சொற்ப வாக்குகளில் தோற்றார். நியமனத்தில் உள்ளே வந்த முத்துலட்சுமியை உறுப்பினர்கள் ஒருமனதாகத் துணைத் தலைவராக்கினார்கள்.

நீங்கள் கணக்கில் எடுக்காமல் விட்டது 1929-ஐ. என்னைக் கேட்டால் அவருடைய சட்டசபை வாழ்க்கையே அந்த வருடம்தான்.

பொட்டுக்கட்டி, அதாவது பெண்ணைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டு, கோயில் ஊழியம் செய்த தேவதாசிக் குடும்பங்களுக்கு மானியமாக நிலம் இருந்தது. அதை அனுபவிக்க வேண்டுமானால் வீட்டில் ஒரு பெண் ஊழியத்தில் இருந்தாக வேண்டும். தாய் ஓய்ந்தால் மகள். மகள் இல்லையென்றால் ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்தாவது பொட்டுக்கட்ட வேண்டும். இந்த நிலைமையில் பொட்டுக்கட்டுவது குற்றம் என்று மட்டும் சட்டம் போட்டிருந்தால், அந்த வீட்டில் மறுநாள் உலை ஏறாது. முத்துலட்சுமி இந்து அறநிலையச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம், நிலத்தை ஊழியத்திலிருந்து பிரித்தது. இனி ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் கையைவிட்டுப் போகாது. ஒரு தாய் தன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் துணிய இதைவிடப் பெரிய தைரியம் வேறென்ன வேண்டும்? இத்தனைக்கும் சத்தியமூர்த்தி போன்ற நாவன்மை மிக்கவர்கள் சபையில் எதிர்த்து நின்றார்கள். அதையும் தாண்டித்தான் நிறைவேறியது.

தேவதாசிகளிலேயே பலர் அவருக்கு எதிராக மனுப் போட்டார்கள். அந்த மனுக்களை என்னால் ஒதுக்க முடியாது. மற்ற வீட்டுப் பெண்களுக்குக் கிடைக்காத படிப்பும் பாட்டும் சொத்துரிமையும் அவர்களிடம் இருந்தன, அவை போய்விடும் என்று பயந்தார்கள். பயம் வீணல்ல. மறுபக்கம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போல அந்த வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர்கள் முத்துலட்சுமியோடு நின்றார்கள். முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாளும் அந்த மரபில் வந்தவர்தான். யாருக்காகப் பேசினாரோ அவர்களுடைய அடுப்பங்கரை வரை அவருக்குத் தெரிந்திருந்தது. நிலத்தில் கைவைக்கத் தோன்றியது அதனால்தான் என்று நம்புகிறேன்.

எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930-ல் அறிமுகம் செய்தார். அது பொதுமக்கள் கருத்துக்கு விடப்பட்டிருந்த அந்த வருடமே, காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டு வெளியேறினார். அந்த முடிவை மதிக்கிறேன். ஆனால் மசோதாவை விடாமல் தள்ளிக்கொண்டு போக உள்ளே ஆள் இல்லை. பதினேழு வருடம் ஓடியது. அதற்குள் எத்தனை சிறுமிகள்!

ஆகவே உங்கள் மகளின் பேச்சில் 1947-க்கு ஒரு வரி போதும், 1929-க்கு நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். தன் சட்டசபை அனுபவங்களை அவரே ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதியிருக்கிறார். கிடைத்தால் இருவரும் சேர்ந்து படியுங்கள்.

அன்புடன்.