அப்டேட் போட்டேன், பேட்டரி போச்சு: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புகார்தான். லேப்டாப்பில் புதிய அப்டேட் ஏறியது, அன்றிலிருந்து சார்ஜ் நிற்கவில்லை. சில கடிதங்களில் அப்டேட்தான் குற்றவாளி. வேறு சிலவற்றில் பேட்டரி எப்போதோ கிழமாகிவிட்டது. அப்டேட் வந்தபோதுதான் நம் கண் சதவீதத்தின் மேல் விழுந்திருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் செட்டிங்ஸில் கை வைத்தால் நேரம்தான் வீண்.

கேள்வி: ஐந்து வருடப் பழைய லேப்டாப். விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறி நான்கு நாள் ஆகிறது. முன்பு நான்கு மணி நேரம் வரும், இப்போது இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. பேட்டரியை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதே கடைக்குப் போகாதீர்கள். பெரிய அப்டேட் முடிந்து டெஸ்க்டாப் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உள்ளே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. தேடலுக்காக எல்லா ஃபைல்களையும் மறுபடி அட்டவணைப்படுத்துவது, டிஃபெண்டரின் வைரஸ் ஸ்கேன், ஒன்டிரைவ் ஒத்திசைவு, ஸ்டோர் செயலிகளின் அப்டேட் என்று வரிசையாக ஓடும். லேப்டாப் பேட்டரியில் இருந்தால் அட்டவணைப்படுத்தும் வேலையை விண்டோஸ் மெதுவாக்கிவிடும். அதனால் தினமும் சார்ஜரைக் கழற்றிவிட்டே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு ராத்திரியில் முடிய வேண்டியது வாரக் கணக்கில் இழுக்கும். ஓரிரு இரவு சார்ஜரில் போட்டு, தூங்கப் போகாதபடி வைத்து, நெட்டோடு விட்டுவிடுங்கள். மேசை மேல் வையுங்கள், மெத்தை மேல் வேண்டாம்.

அப்புறம் அளந்து பாருங்கள். ஸ்டார்ட்டில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி ஆங்கிலத்தில் அடியுங்கள். ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி பேட்டரி ரிப்போர்ட் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து ஒரே சொல்லாக. என்டர் தட்டினால் ஓர் அறிக்கை தயாராகி, அது எங்கே சேமிக்கப்பட்டது என்றும் திரையில் வரும். பிரவுசரில் திறந்து இரண்டு எண்களைத் தேடுங்கள்: டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி. முதலாவது பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு. இரண்டாவது இன்று மிச்சமிருப்பது.

உதாரணத்துக்கு, முதல் எண் 42,000, இரண்டாவது 27,300 மில்லிவாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியில் 65 சதவீதம்தான் உயிர் இருக்கிறது. லேப்டாப் சராசரியாக 7 வாட் இழுத்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் வரும். அதே பேட்டரியிலிருந்து 13 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம். உங்கள் கணக்கு கிட்டத்தட்ட இதுதான். பேட்டரி முன்பே இளைத்திருக்கலாம், ஆனால் நான்கு மணி இரண்டாகக் குறைந்ததற்கு அது காரணமாக இருக்காது, இழுப்பு கூடியிருக்கிறது. அறிக்கையின் கீழ்ப் பகுதியில் வாரவாரியான கொள்ளளவும் இருக்கும். அப்டேட்டுக்கு முந்தைய வாரங்களும் அதில் தெரிந்து, எண் மாறாமல் இருந்தால் பேட்டரி நிரபராதி.

இரண்டு இரவு சார்ஜரில் விட்ட பிறகும் இழுப்பு குறையவில்லை என்றால், செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி என்று போய் எந்தச் செயலி எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் பவர் மோட் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று இருந்தால் 'பேலன்ஸ்டு' ஆக்குங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே தானாக எழுந்திருக்கும் செயலிகளையும் ஒரு பார்வை பாருங்கள். கடைசியாக டிரைவர்கள், அதாவது உள்ளே இருக்கும் உறுப்புகளை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்கள். அப்டேட்டுக்குப் பிறகு கிராஃபிக்ஸுக்கும் சிப்செட்டுக்கும் பொதுவான டிரைவர் உட்கார்ந்திருந்தால் மின்சிக்கனம் சரியாக நடக்காது. உங்கள் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்கிப் போடுங்கள். டிரைவர் அப்டேட் செய்து தருகிறேன் என்று விளம்பரத்தில் வரும் இலவச மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ராத்திரி 90 சதவீதத்தில் மூடி வைக்கிறேன். காலையில் 55. சில நாள் பைக்குள் கை வைத்தால் சுடுகிறது. மூடினால் தூங்க வேண்டாமா சார்?

பதில்: தூங்குகிறது, ஆனால் கோழித்தூக்கம். பழைய லேப்டாப்களில் எஸ்3 என்ற தூக்கநிலை உண்டு. அதில் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அடங்கிவிடும். இப்போது வருகிற பலவற்றில் அது கிடையாது. 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' என்று, செல்போன் மாதிரி திரையை அணைத்துவிட்டு உள்ளே விழித்தும் விழிக்காமலும் இருக்கும் நிலை. நெட்டோடு தொடர்பு இருக்கும், நடுவே எழுந்து சில வேலைகளைப் பார்க்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஓர் இரவுக்குப் பத்து சதவீதத்துக்குள் முடியும் என்பது என் கணக்கு. ஒரு டிரைவரோ செயலியோ அதைத் தூங்க விடாமல் பிடித்துக்கொண்டால், நீங்கள் சொல்லும் 35 சதவீதம் போகும், பையும் சுடும்.

யார் பிடித்துக்கொண்டது என்று விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது. மேலே சொன்ன கட்டளையிலேயே பேட்டரி ரிப்போர்ட்டுக்குப் பதிலாக 'ஸ்லீப் ஸ்டடி' என்பதைச் சேர்த்து ஒரே சொல்லாக அடியுங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்திருக்க வேண்டும். கடந்த மூன்று நாட்களின் ஒவ்வொரு தூக்கமும், எவ்வளவு சார்ஜ் போனது, எந்த உறுப்பு அதிக நேரம் விழித்திருந்தது என்று அறிக்கை வரும். வைஃபை கார்டு முதலிடத்தில் நின்றால் அதன் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

இவ்வளவு ஆராய்ச்சிக்கு நேரமில்லை என்றால் ஹைபர்னேட் பக்கம் வந்துவிடுங்கள். திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு லேப்டாப் அணைந்துவிடும். மறுபடி எழுந்திருக்கச் சில விநாடி கூடுதலாகும், அவ்வளவுதான். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள், மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. முன்பே இப்படி வைத்திருந்தவர்களும் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. நான் வெளியூர் போகும்போதெல்லாம் ஹைபர்னேட்தான்.

அதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை வைகை எக்ஸ்பிரஸில் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விழுப்புரம் தாண்டியதும் மடியிலிருந்த பை இட்லிப் பானை மாதிரி சுட்டது. இரண்டு நாளுக்கு முன் வந்த அப்டேட்டை மனதாரத் திட்டினேன். திறந்து பார்த்தால், யுஎஸ்பி துளையில் வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர் செருகியபடியே இருக்கிறது. மவுஸும் அதே பைக்குள். ரயில் ஆட ஆட மவுஸ் நகர்ந்து லேப்டாப்பை எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது.

கேள்வி: எம்1 மேக்புக் ஏர். மேக்ஓஎஸ் டாஹோ போட்ட பிறகு பத்து மணி நேரம் வந்தது ஐந்தாகிவிட்டது. எஸ்எம்சி ரீசெட் செய்யச் சொல்கிறார்கள். எப்படிச் செய்வது?

பதில்: செய்ய முடியாது. எஸ்எம்சி என்பது மின்சாரம், மின்விசிறி போன்றவற்றைக் கவனிக்கும் சிப். அதை ரீசெட் செய்வது இன்டெல் சிப் இருந்த மேக்குகளுக்கான வைத்தியம். எம் வரிசை மேக்குகளில் அப்படி ஒரு ரீசெட்டே இல்லை. ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்தால் போதும்.

மேக்கிலும் அப்டேட்டுக்குப் பின் ஸ்பாட்லைட் என்ற தேடல் வசதி எல்லாவற்றையும் மறுபடி அட்டவணை போடும். ஃபோட்டோஸ் செயலி படங்களை உட்கார்ந்து அலசும். சில நாள் பேட்டரி குறைவாக வரலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. ஒரு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால் ஆக்டிவிட்டி மானிட்டரில் எனர்ஜி பகுதியைத் திறந்து, 12 மணி நேரக் கணக்கின்படி வரிசைப்படுத்துங்கள். டாஹோ வந்த புதிதில், எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் கட்டிய சில செயலிகள் கிராஃபிக்ஸுக்கு வீண் வேலை கொடுத்தன. ஸ்லாக், டிஸ்கார்ட், விஎஸ் கோட் எல்லாம் இந்த வகைதான். திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அது ஒவ்வொரு செயலியின் புதிய பதிப்போடுதான் உங்களிடம் வந்து சேரும். சிஸ்டத்தை அப்டேட் செய்துவிட்டுச் செயலிகளைப் பழையபடியே விட்டிருந்தால் இந்தத் தொல்லை உங்களிடம் இன்னும் இருக்கக்கூடும்.

இன்னொன்று. எம்1 ஏர் வெளிவந்தது 2020 நவம்பரில். செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த்தைத் திறந்து மேக்ஸிமம் கெப்பாசிட்டியைப் பாருங்கள். 'சர்வீஸ் ரெகமெண்டட்' என்று இருந்தால் டாஹோவைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்வி: அப்டேட்டுக்குப் பிறகு 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜே ஏறுவதில்லை. சார்ஜர் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. பேட்டரியின் ஆயுளைக் காக்க ஒரு வரம்பு போட்டிருக்கிறது. லெனோவா வான்டேஜ், மைஆசுஸ் போன்ற தயாரிப்பாளர் செயலிகளில் இந்த வசதி இருக்கும், சில மாடல்களில், விண்டோஸ் எழும் முன்பே திறக்க வேண்டிய பயாஸ் அமைப்புக்குள் இருக்கும். அப்டேட்டோடு அந்தச் செயலியும் புதுப்பிக்கப்பட்டு வரம்பு விழுந்திருக்கலாம். எப்போதும் சார்ஜரிலேயே வேலை என்றால் அப்படியே விடுங்கள், நல்லதுதான். லித்தியம் பேட்டரிக்கு 100 சதவீதத்தில் சூட்டோடு உட்கார்ந்திருப்பதுதான் ஆகாது, நம் ஊர் வெயிலில் இன்னும் மோசம். பயணத்துக்கு முந்தைய நாள் மட்டும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கேமிங் லேப்டாப். அப்டேட்டில் கிராஃபிக்ஸ் டிரைவரும் மாறியது. இப்போது கேம் ஆடாமல் வெறும் வேர்டு திறந்திருந்தாலே ஒன்றரை மணி நேரம்தான்.

பதில்: இரண்டு சந்தேகம். ஒன்று, திரையின் ரெஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது) 144 ஹெர்ட்ஸுக்குப் போயிருக்கும். அட்வான்ஸ்டு டிஸ்பிளேயில் 60-க்கு இறக்குங்கள். இரண்டு, தனி கிராஃபிக்ஸ் கார்டு அடங்காமல் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு எஞ்சின் என்ற பத்தியைச் சேர்த்தால், தனிக் கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் செயலி தெரியும். டிஸ்பிளே பகுதியில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் அந்தச் செயலியைப் பவர் சேவிங்குக்கு மாற்றுங்கள். மற்றபடி, கேமிங் லேப்டாப்பில் ஆறு மணி நேரம் எதிர்பார்ப்பது லாரி வாங்கிவிட்டு மைலேஜ் கேட்பது மாதிரிதான்.

கேள்வி: லினக்ஸ் லேப்டாப். உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறினேன். என்விடியா கார்டு உண்டு. மின்விசிறி நிற்பதே இல்லை. டிஎல்பி போட்டும் பயனில்லை.

பதில்: டிஎல்பி என்ற மின்சிக்கன மென்பொருளைப் போட்டதும் சிக்கலின் ஒரு பகுதியாக இருக்கலாம். உபுண்டுவில் ஏற்கெனவே பவர் புரொஃபைல்ஸ் டீமன் என்ற ஒன்று அதே வேலையைச் செய்கிறது. இரண்டும் ஒரே குதிரையின் கடிவாளத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஒன்றை மட்டும் வையுங்கள். புதியவர் என்றால் உபுண்டுவோடு வருவதே போதும்.

என்விடியா செட்டிங்ஸில், கார்டு எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் பிரைம் புரொஃபைல் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று இருந்தால் 'ஆன் டிமாண்ட்' ஆக்கி மறுபடி பூட் செய்யுங்கள். அப்டேட்டில் டிரைவர் சரியாக ஏறாமல் போனாலும் கார்டு சும்மா எரிந்துகொண்டிருக்கும், அதையும் பாருங்கள். பவர்டாப் நிறுவினால், பேட்டரியில் ஓடும்போது எத்தனை வாட் போகிறது என்று நேராகவே காட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா மின்சிக்கன வழிகளையும் ஒரேயடியாகப் போட்டுவிடும் அதன் ஆட்டோ டியூனை மட்டும் யோசித்துப் போடுங்கள். யுஎஸ்பி மவுஸ் அடிக்கடி தூங்கிப்போனால் காரணம் அதுதான்.

கேள்வி: 35 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. அப்டேட்டுக்கு முன் இப்படி இல்லை.

பதில்: சதவீதம் என்பது ஒரு மதிப்பீடு. ஒருமுறை முழுக்க ஏற்றி, இரண்டு மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு சார்ஜரைக் கழற்றித் தானாக அணையும்வரை ஓட்டி, இடையில் நிறுத்தாமல் மறுபடி முழுக்க ஏற்றுங்கள். மீட்டர் தவறியிருந்தால் சரியாகிவிடும். அடிக்கடி செய்யாதீர்கள். அதன் பிறகும் அணைந்தால் பேட்டரிக்குள் இருக்கும் செல் பலவீனமாகிவிட்டது; வேலை கூடும்போது வோல்டேஜ் தாங்காமல் சரிகிறது. பேட்டரி மாற்ற வேண்டியதுதான்.

சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் கம்பாட்டிபிள் பேட்டரி வாங்குவதாக இருந்தால், பழைய பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு போங்கள். லேப்டாப் மாடல் பெயர் மட்டும் போதாது. மாட்டியதும் கடையிலேயே பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து, கொள்ளளவைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: எதற்கு வம்பு, பழைய விண்டோஸுக்கே போய்விடலாமா?

பதில்: 11-க்கு மாறிப் பத்து நாளுக்குள் என்றால் ரெக்கவரியில் 'கோ பேக்' இருக்கும், அதன் பிறகு போய்விடும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஒரு மணி நேர சார்ஜுக்காகப் பாதுகாப்பை விடுவதை நான் சொல்ல மாட்டேன். மாதாந்திர அப்டேட் ஒன்றுதான் காரணம் என்று உறுதியாகத் தெரிந்தால், அப்டேட் ஹிஸ்டரியிலிருந்து அதை மட்டும் நீக்கிவிட்டுச் சில வாரம் அப்டேட்களை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, கூடவே டச்பேட் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கிறது, கிளிக் ஆவதில்லை. எந்த செட்டிங்கை மாற்றுவது?

பதில்: எதையும் மாற்ற வேண்டாம். பேட்டரி ஊதியிருக்கிறது. இப்போதே அணைத்துச் சார்ஜரைக் கழற்றுங்கள். டச்பேடை அழுத்தி உட்கார வைக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், விமானத்தில் கொண்டு போகாதீர்கள். எரியக்கூடிய பொருள் இல்லாத இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டருக்கு முதலில் போன் செய்து சொல்லிவிட்டு எடுத்துப் போங்கள். கழற்றிய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. மின்கழிவாக அவர்களே வாங்கிக்கொள்கிறார்களா என்று அந்த போனிலேயே கேட்டுவிடுங்கள்.