வண்ணக்கரின் பெயரை மாற்றினால் போதாது

தங்கச்சி, கிழக்கிலங்கையின் குடி முறை, அதாவது தாய்வழிக் குல முறை, பற்றிய ஆய்வில் கோயில் வண்ணக்கர் (கோயில் நிர்வாகப் பொறுப்பாளர்) சொன்னதைப் பெயர் மாற்றி எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. திருக்கோவில் பக்கத்து ஊர், இன்ன குடி வண்ணக்கர் என்றாலே ஆள் யாரென்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஊரையும் பதவியையும் சேர்த்தே மறையுங்கள். 'அம்பாறைக் கரையோரக் கிராமத்து முதியவர்' என்றால் சரி.

குடி தாய்வழியாக வருவது, ஒரே குடிக்குள் கலியாணம் கூடாதென்பது, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்த முறை இருப்பது எல்லாம் ஏற்கெனவே பதிவானவை, தாராளமாக எழுதலாம். எந்தக் குடி உயர்ந்தது, திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்ற கதைகளில்தான் சிக்கல். அங்கே ஒருவர் வாயை மட்டும் நம்பினால் நீங்கள் அவருடைய வழக்கறிஞராகிவிடுவீர்கள். மற்றக் குடிக்காரரிடமும் கேளுங்கள், முக்கியமாகப் பெண்களிடம். வீடும் வளவும் அவர்கள் வழியாகத்தானே போகிறது!

'இதை எழுதாத பிள்ள' என்று வண்ணக்கர் சொன்ன பகுதியை விட்டுவிடுங்கள், ஒலிப்பதிவில் இருந்தாலும்கூட. மேற்பார்வையாளர் வற்புறுத்தினால் அதையே காரணமாகச் சொல்லுங்கள். வண்ணக்கர் உங்களுக்கு மாமா முறை என்பதையும் முறையியல் அத்தியாயத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். ஒப்படைக்கும் முன் அவர் பகுதியை வாசித்துக் காட்டுங்கள், அவர் சொன்னால் திருத்த நேரமிருக்கும்படி.