எங்கள் தோட்டத்து ஊரில் லீவு இல்லாத புத்தாண்டு

"உங்கள் ஊரில் புத்தாண்டை எப்படி வரவேற்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் புத்தாண்டு என்று முதலில் சொல்ல வேண்டும். எனக்குச் சொந்த ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில், ரப்பர் தோட்டங்களால் வளர்ந்த ஊர். ஜனவரி 1, சீனப் பெருநாள், இஸ்லாமியப் புத்தாண்டான அவால் முஹர்ரம், சித்திரை 1 என்று இங்கே ஆண்டு பலமுறை பிறக்கும். முதல் மூன்றுக்கும் பேராக்கில் பொது விடுமுறை உண்டு. சித்திரைக்குக் கிடையாது. எங்கள் ஆட்கள் அதைக் கொண்டாடும் விதமே இதனால் அமைந்ததுதான்.

ஜனவரி 1 சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். முதல் நாள் இரவு மாதா கோயிலில் பூசை, பன்னிரண்டு மணிக்குத் தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வீடுகளில் பட்டாசு, காலையில் கோயிலில் அர்ச்சனைக்கு வரிசை. பெற்றோருக்கு அது சப்பாத்து, சட்டை, புத்தகப்பை வாங்கும் நேரமும்கூட. கோவிட் காலத்தில் தள்ளிப்போன பள்ளித் தவணை 2026இல் மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டது.

சீனப் பெருநாளுக்குக் கடைத்தெருவே அடைத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டு அன்ட்டி ஆரஞ்சுப் பழமும் பிள்ளைகளுக்கு அங்பா என்கிற பண உறையும் கொடுப்பார். அந்தப் பழக்கம் எங்கள் தீபாவளிக்குள்ளும் வந்துவிட்டது. நாங்களும் உறையில் காசு வைத்துத்தான் கொடுக்கிறோம்.

இனி சித்திரை. என் அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏற நின்றுவிடும். வருஷப் பிறப்பானாலும் பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போயே ஆக வேண்டும். அதனால் கனி காண்பது அதற்கும் முன்னால். இரவே சாமி மேடையில் தாம்பாளம் தயாராகிவிடும்: முகம் பார்க்கும் கண்ணாடி, மாம்பழம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு கிண்ணம் அரிசி, அம்மாவின் காப்பு, சில ரிங்கிட் நோட்டுகள். விளக்கேற்றிவிட்டு எங்களை எழுப்புவார். "கண்ணத் திறக்காத. அம்மா சொன்னதும் தெற" என்று தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போவார். கண்ணாடியில் விளக்கும் பழமும் தூக்கம் கலையாத என் முகமும் சேர்ந்து தெரியும். திரும்பிப் பார்த்தால் அம்மா முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக, இடுப்பில் கொசுவத்தியோடு கிளம்பி நிற்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும். தளிர்விட்டுத் தழைக்கும்வரை பால் குறைவு, கையில் காசும் குறைவு. சித்திரை பிறப்பது அந்தத் தட்டுப்பாட்டின் கடைசியில். புதுத்துணியெல்லாம் தீபாவளிக்குத்தான். சித்திரைக்கு மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்த்த பச்சடி, வடை, பாயசம். அதுவும் வேலை முடிந்து வந்து சமைப்பது.

உண்மையான கொண்டாட்டம் பொழுது சாய்ந்த பிறகு, தோட்டத்து மாரியம்மன் கோயிலில். ஏப்ரலில் பின்னேரம் இடி மழை கொட்டும், விட்டதும் பூசை. பிறகு குருக்கள் பஞ்சாங்கம் படிப்பார். மழை எத்தனை, விளைச்சல் எப்படி என்பதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட கூட்டம், ராசிக்கு ராசி ஆதாயமும் விரயமும் சொல்லும்போது கப்சிப் என்றாகிவிடும். மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழித்தவர்களுக்கு அந்த இரண்டு எண்களும் அவ்வளவு முக்கியம். 2026 ஏப்ரலில் பிறப்பது பராபவ ஆண்டு. அறுபது ஆண்டுச் சுழற்சியில் இதற்குமுன் 1966இல் வந்தது. லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், அந்தப் பராபவத்தைப் பார்த்த பெரியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்பவர்களும் இங்கே உண்டு. தமிழ்நாட்டில் 2008இல் அப்படிச் சட்டம் போட்டு 2011இல் எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் தைக்குப் பொங்கல், சித்திரைக்குப் பச்சடி; இரண்டும் வேண்டும்.

ரப்பர் நின்ற பல இடங்களில் இப்போது செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை. லயத்து ஆட்கள் தாமான்களுக்குக் குடிபோய்விட்டார்கள், பிள்ளைகளோ கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும். அவர்கள் வர வசதியாகச் சித்திரையைச் சனி ஞாயிறுக்குத் தள்ளிவைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. விருந்தைத் தள்ளிவையுங்கள், கனியைத் தள்ளாதீர்கள். வேலைக்குக் கிளம்புமுன் கொஞ்ச நேரம் போதும். லீவு இல்லாமலே எங்கள் அம்மாக்கள் இத்தனை காலம் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். என் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமுன் நானும் தாம்பாளத்தின்முன் நிறுத்திவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

நீங்கள் சித்திரை 1க்கு வருவதானால் பொழுது சாய்ந்தபின் வாருங்கள். பகலில் வந்தால் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். குடை கட்டாயம் வேண்டும்.