விலங்கியல் டீச்சர் பதில்கள்: இருட்டில் ஒரு பூங்கா

சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மண்டாயில் உள்ள நைட் சஃபாரி என்ற இரவு விலங்குப் பூங்காவுக்கும் போய் வந்தேன் என்று இரண்டு இதழ்களுக்கு முன்னால் நாலே வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

டீச்சர், மே மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். மாமியாருக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு. மகனுக்கு ஆறு வயது. ஹோட்டலிலிருந்து கூட்டிப் போய், சாப்பாடு போட்டு, டிராமில் சுற்றிக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம் என்று டூர்காரர் சொல்கிறார். அதையே எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, கும்பகோணம்

எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு?" ஒன்பதரை என்று சொன்னால் வேண்டாம்.

நான் முதல் தடவை போனது அப்படி ஒரு டூரில்தான். சாயங்காலம் ஐந்தரைக்கே ஹோட்டல் வாசலில் பஸ் ஏறினோம், நாற்பது பேர். வழியில் ஒரு ஹோட்டலில் இறக்கிவிட்டுச் சாப்பாடு. பூங்காவுக்குள் போகும்போது எட்டு ஆகிவிட்டது. டிராம் வரிசையில் முக்கால் மணி நேரம். டிராமில் நாற்பது நிமிடம். இறங்கியதும் வழிகாட்டி கொடியைத் தூக்கிக் காட்டி, "எல்லாரும் பஸ்ஸுக்கு வாங்க" என்றார். 'மீன்பிடிப் பூனை' நடைபாதைக்கு அம்புக்குறி போட்ட பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவள் நான், அந்தப் பூனையைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். பத்தடி தள்ளி இருக்கிறது என்று தெரிந்தும் பஸ்ஸில் போய் ஏறினேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதனால் சொல்கிறேன், டிராம் பாதி, நடைபாதைகள்தான் மீதி. டிராம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலாகச் சுற்றிவரும். யானை, காண்டாமிருகம், மான் கூட்டங்கள் போன்ற பெரிய விலங்குகளை அதில் பார்த்துவிடலாம். சின்ன விலங்குகளை நடந்து போய்த்தான் பார்க்க முடியும். மாமியாரை டிராமில் உட்கார வைத்துச் சுற்றிக் காட்டிவிட்டு, அப்புறம் வாசல் பக்கம் ஓரிடத்தில் ஒருவர் துணையோடு உட்கார வையுங்கள். மற்றவர்கள் ஒரு நடைபாதையையாவது முழுதாக நடந்துவிட்டு வரலாம்.

இரண்டாவது தடவை நானும் மகளுமாகப் போனோம். லிட்டில் இந்தியாவில் இட்லி சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து ரயிலில் ஒரே நிறுத்தம் தோபி காட், அங்கே சிவப்புப் பாதை ரயிலுக்கு மாறி காத்திப். காத்திப்பிலிருந்து பூங்காவுக்கு பஸ். ஒன்றும் கஷ்டமில்லை. மாலை 7.15க்குத் திறந்து நள்ளிரவு 12க்கு மூடுகிறார்கள். டிக்கெட்டில் உள்ளே போக வேண்டிய நேரமும் போட்டிருக்கும், அதனால் ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கடைசி ரயிலைத் தவறவிடாமல் பதினொரு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். மகனுக்கு ஆறு வயது என்றால் அன்று மத்தியானம் தூங்க வையுங்கள்.

இருட்டில் விலங்குகள் ஒன்றுமே தெரியவில்லை, காசு வீண் என்று என் நண்பர் சொல்கிறார். நீங்களோ ஆகா ஓகோ என்கிறீர்கள். எது சரி?
– வாசகர், மதுரை

உங்கள் நண்பர் டிராமில் ஏறிய முதல் ஐந்து நிமிடத்தைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். நம் விழித்திரையில் மங்கலான ஒளிக்கென்றே கோல் செல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். இருட்டில் மறுபடி சேர்ந்து முழு அளவுக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். கடைகளும் விளக்குகளுமாக இருக்கிற வாசலிலிருந்து நேராக டிராமில் ஏறினால் கண் தயாராக இருக்காது. போதாக்குறைக்கு நடுநடுவே போனை எடுத்துப் பார்த்தால் சேர்ந்ததெல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. டிராமுக்கு முன்பே ஒரு நடைபாதையில் மெதுவாகக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்து ஏறச் சொல்லுங்கள். அப்புறம் அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

அந்த வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1994 மே 26 அன்று இந்தப் பூங்காவைத் திறந்தார்கள். இரவுக்கென்றே கட்டிய உலகின் முதல் விலங்குப் பூங்கா இதுதான். யோசனை, சிங்கப்பூர் விலங்குப் பூங்காவின் தலைவராக இருந்த ஓங் சுவீ லாவுடையது. அதற்கு முன்பும் உலகத்தில் இரவு விலங்குகளைக் காட்டினார்கள். ஆனால் பெரும்பாலும் கட்டடத்துக்குள் வைத்து, பகலை இரவாக மாற்றித்தான் காட்டினார்கள். இங்கே 35 ஹெக்டேர் காட்டில், உண்மையான இரவில் காட்டுகிறார்கள். சைமன் கார்டர் என்ற நாடக ஒளியமைப்பாளரைக் கூட்டிவந்து, நிலா வெளிச்சம் போலத் தெரிகிற விளக்குகளை மரங்களுக்கிடையில் அமைத்தார்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில் இருட்டிவிடும். கோடையில் ஒன்பது பத்து மணி வரை வெயிலடிக்கிற நாடுகளில் இப்படி ஒரு பூங்காவை நடத்துவது சிரமம்.

சரி, மீன்பிடிப் பூனைக்கு வருகிறேன். ஓடை மாதிரி ஒரு நீர்ப்பரப்பு, அதன் ஓரத்தில் ஒரு மரக்கட்டை. முதலில் கட்டை மட்டும்தான் தெரிந்தது. நாலைந்து நிமிடம் கழித்துத்தான் கட்டையின் ஒரு முனை மூச்சு விடுவது தெரிந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்த உடம்பு, அதில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், காது சின்னதாக, உருண்டையாக. வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். முன்னங்காலை மெல்ல நீட்டி, தண்ணீரின் மேல்தோலை மட்டும் தொட்டது. தட்டியது என்றுகூடச் சொல்ல முடியாது. பூச்சி விழுந்தது என்று நினைத்து மீன் மேலே வரும், அதற்காகத்தான் இந்தத் தட்டல் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். இப்போது அது என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. மூன்று முறை தட்டியது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலாவது முறை காலோடு தலையும் தண்ணீருக்குள் போனது. வெளியே வந்தபோது வாயில் ஒன்றுமில்லை. தலையை உதறிவிட்டு அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்துகொண்டது. அதன் விரல்களுக்கு நடுவே பாதி அளவுக்குச் சவ்வு உண்டு. அதையும் பார்த்துவிடலாம் என்று குனிந்து பார்த்தேன், அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

அது நம் நாட்டுப் பூனை. சுந்தரவனக் காடுகளிலும் ஆந்திராவில் கோதாவரி முகத்துவாரத்தின் கோரிங்கா அலையாத்திக் காட்டிலும் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் மாநில விலங்கும் அதுதான்.

போட்டோ எடுக்கலாமா? நல்ல போன் வைத்திருக்கிறேன்.
– வாசகி, கோயம்புத்தூர்

எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. இரவு விலங்குகளில் பலவற்றுக்கு விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. உள்ளே வந்த வெளிச்சத்தை அது மறுபடி விழித்திரைக்கே திருப்பி அனுப்பும். ராத்திரி காரில் போகும்போது பூனையின் கண் பளிச்சென்று தெரிவது அதனால்தான். அந்தக் கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஃபிளாஷ் அணைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டிராமில் எனக்கு முன் சீட்டில் ஒருவர் "ஆட்டோவில் இருந்ததைக் கவனிக்கவில்லை" என்றார். அதற்குள் எதிரே நின்ற மலேயத் தாபிர் (பன்றி மாதிரி உடம்பும் குட்டித் தும்பிக்கை மாதிரி மூக்கும் உள்ள விலங்கு) முகத்தைத் திருப்பிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

எங்கள் தோப்பில் சில ராத்திரிகளில் சோறு வேகிற மாதிரி வாசனை வரும். பாம்பு வந்திருக்கிறது என்பார் தாத்தா. நீங்கள் சிங்கப்பூரில் ஒரு விலங்கு பாசுமதி அரிசி மாதிரி மணந்தது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். உங்கள் தோப்புக்கு வருவது பெரும்பாலும் மரநாயாகத்தான் இருக்கும். தென்னையிலும் பனையிலும் ஏறி, கள்ளுப் பானையில் வாய் வைக்கிறதே, அதே மரநாய். பெயரில்தான் நாய், நாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, புனுகுப்பூனையின் குடும்பம். சிங்கப்பூரில் கட்டட ஓரத்து மரங்களில்கூட அது உண்டு. அங்கே உள்ளவர்கள், இரவில் ரம்பை இலை வாசனை வந்தால் மரநாய் பக்கத்தில் இருக்கிறது என்பார்கள். ரம்பை இலைக்கு அங்கே பாண்டான் என்று பெயர்.

நான் எழுதியது பிண்டுராங் என்ற விலங்கைப் பற்றி. அதுவும் இதே குடும்பம்தான். கறுகறுவென்று கம்பளி போன்ற முடி, காது நுனியில் குஞ்சம், உடம்பளவுக்கு நீளமான வால். அந்த வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு ஐந்தாவது கால் மாதிரி பயன்படுத்தும். கிளைகளுக்குக் கீழே நின்றபோது நல்ல பாசுமதி உலை கொதிக்கிற மணம் வந்தது. பக்கத்தில் நின்ற வெளிநாட்டுப் பெண், "பாப்கார்ன்!" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி. பாசுமதி அரிசி, ரம்பை இலை, பாப்கார்ன் மூன்றுக்கும் மணம் தருவது 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற ஒரே பொருள். பிண்டுராங்கின் சிறுநீரிலும் அது இருக்கிறது. போகிற வழியெல்லாம் கால்களிலும் வாலிலும் அந்த மணத்தைப் பூசிக்கொண்டே போகும், "இது என் இடம்" என்று மற்ற பிண்டுராங்குகளுக்குச் சொல்ல.

தாத்தா சொன்னதற்காகப் பாம்புக்கு ஜாக்கிரதையாக இருப்பதை விட்டுவிடாதீர்கள், டார்ச் எடுத்துக்கொண்டே தோப்புக்குப் போங்கள். அடுத்த முறை வாசனை வந்தால் டார்ச்சை மேலே மட்டைகளுக்கிடையில் ஒரு நொடி திருப்பிப் பாருங்கள்.

நான் கல்லூரி மாணவி. தூங்க வேண்டிய நேரத்தில் விலங்குகளைக் கூட்டம் போட்டுப் பார்ப்பது கொடுமை இல்லையா? உங்களைப் போன்றவர்கள் இதை ஆதரிக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

கோபமாகக் கேட்டிருக்கிறாய், நல்ல கேள்விதான். ஆனால் தூங்க வேண்டிய நேரம் யாருக்கு? வெப்பமண்டலக் காட்டுப் பாலூட்டிகளில் பெரும்பாலானவை ராத்திரியில்தான் இரை தேடும். வழக்கமான பூங்காவில் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய், மூலையில் சுருண்டு கிடக்கிற கழுதைப்புலியைப் பார்த்து "எழுந்திரு, எழுந்திரு" என்று கம்பியைத் தட்டுகிறோமே, அதுதான் அதைத் தூங்க விடாமல் செய்வது. மண்டாயில் டிராம் பாதையிலிருந்து பார்க்கும்போது பல இடங்களில் கம்பியே தெரியாது. அகழியும் ஓடையும்தான் தடுப்பு, அதையும் புல்லும் செடியும் மறைத்திருக்கும்.

அதற்காக எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். பழந்தின்னி வௌவால்கள் தலைக்கு மேலே தொங்குகிற ஓரிடத்துக்குள் நடந்து போகலாம். ஒன்று என் முகத்திலிருந்து மூன்றடியில் தொங்கிக்கொண்டு, பப்பாளித் துண்டை இரண்டு கட்டைவிரலால் பிடித்து நக்கிக்கொண்டிருந்தது. நரிக்குட்டி முகம், தேன் நிறக் கண். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கூட்டம் வீல் வீலென்று கத்திக்கொண்டு உள்ளே வந்தது. வௌவால் பப்பாளியை விட்டுவிட்டு இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டது. இந்த இடத்தில் உன் பக்கம்தான் நான்.

நீ திண்டுக்கல் என்பதால் இன்னொன்று. அங்கே தேவாங்கின் உறவான மந்தத் தேவாங்கைப் பார்த்தேன். அதைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஐயோ, எவ்வளவு அழகு என்றார்கள். நம் ஊரில் ஒல்லியாக இருப்பவனைத் 'தேவாங்கு' என்று திட்டுகிறோம். எதிரே வந்தால் அபசகுனம் என்று அதை அடித்துப் போட்டவர்களும் உண்டு. உன் மாவட்டத்திலும் கரூர் மாவட்டத்திலுமாக 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை 2022இல் அறிவித்தார்கள். இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். அய்யலூர்ப் பக்கம் தோழிகள் இருந்தால் அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தேவாங்கைப் பற்றிக் கேட்டு எழுதி அனுப்பு, அடுத்த இதழில் போடுகிறேன்.

இதற்காகச் சிங்கப்பூர் வரை போக வேண்டுமா? மசினகுடியில் ராத்திரி ஜீப்பில் கூட்டிப் போகிறோம் என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

போகாதீர்கள். அது அனுமதி இல்லாத வேலை. பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையையே இரவு 9 முதல் காலை 6 வரை மூடி வைத்திருப்பது, வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் செத்ததால்தான். யானைக்கு அந்த ஒன்பது மணி நேரத்தையாவது விட்டுக்கொடுப்போம்.

டீச்சர் ஆன்ட்டி, சிங்கம் ராத்திரியில் தூங்காதா?
– வாசகர் (வயது 9), திருச்சி

தூங்கும் கண்ணா, பகலிலும் தூங்கும். ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடப் படுத்தே கிடக்கும். மிச்ச நேரத்தில்தான் வேட்டை, கர்ஜனை எல்லாம். மண்டாயில் இருப்பவை ஆசியச் சிங்கங்கள். அவற்றின் சொந்தக்காரர்கள் காட்டில் வாழ்வது உலகத்திலேயே நம் குஜராத்தில் மட்டும்தான். டிராம் அவற்றைத் தாண்டிப் போனபோது இரண்டும் பாறை மேல் படுத்திருந்தன, எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் கிளம்புகிற நேரம், வாசலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது காட்டுக்குள்ளிருந்து ஒரு கர்ஜனை, அது முடிவதற்குள் இன்னொன்று. சிங்கத்தின் குரல் எட்டு கிலோமீட்டர் வரை கேட்கும். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பலகையே அதிர்ந்தது. மகள் மணியைப் பார்த்தாள். பத்தே முக்கால். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கலாம் என்றேன்.