சூடானால் கிளம்ப மறுக்கும் ரோட்டரி எஞ்சின்

புதுச்சேரி லாஸ்பேட்டை வாசகர் ஒருவர், தமது மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி டர்போ எஞ்சினை (பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி எஞ்சின்) பிரித்து, எல்லா சீல்களையும் மாற்றி, ரோட்டர்கள் சுழலும் கூடுகளான பழைய ரோட்டர் ஹவுசிங்குகளையே வைத்துப் பூட்டி 180 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும் வண்டி, கடலூர் மஞ்சக்குப்பம் வரை சென்று தேநீருக்கு நிறுத்தினால், அரை மணி நேரம் ஆறிய பிறகே மீண்டும் கிளம்புகிறதாம். காலையில் வரும் வெண்புகை இயல்பானதா, டர்போவின் பூஸ்டை (அது எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தத்தை) எப்போது பயன்படுத்தலாம் என்றும் கேட்கிறார்.

புகையை முதலில் முடித்துவிடுவோம். பூட்டும்போது சீல்கள் நழுவாதிருக்கத் தடவிய வாசலின் எரிவதால் முதல் சில முறை புகை வருவது இயல்பு. இத்தனை தூரம் ஓடிய பிறகும் வருகிறது, இனிப்பாக மணக்கிறது, ரேடியேட்டரில் கூலன்ட்டும் குறைகிறது என்றால் கூலன்ட் சீல் கசிகிறது என்று கொள்ளலாம். எவ்வளவு பொறுமையாக ஓட்டினாலும் அது சரியாகாது. மீண்டும் பிரிக்கத்தான் வேண்டும்.

சூட்டில் கிளம்பாததே எனக்குப் பெரிய கவலை. ரோட்டரியில் அழுத்தத்தைத் தாங்குபவை ரோட்டரின் முனைகளிலும் பக்கங்களிலும் மூலைகளிலும் உள்ள அபெக்ஸ், சைடு, கார்னர் சீல்களும் அவற்றின் மேலுள்ள எண்ணெய்ப் படலமும்தான். எண்ணெய் கெட்டியாக இருக்கும் காலையில் மறைந்திருக்கும் கசிவு, எண்ணெய் இளகி, செல்ஃப் மோட்டாரும் தளர்ந்து சுற்றும் நேரத்தில் வெளிப்பட்டுவிடும். ஆகவே பேட்டரியும் அதன் கேபிள்களும் செல்ஃபும் நல்ல நிலையில் உள்ளனவா என்று பார்த்துவிட்டு, எஞ்சின் சூடாக இருக்கும்போதே கம்ப்ரஷனை (காற்றை அமுக்கும்போது உள்ளே எழும் அழுத்தத்தை) அளக்க வேண்டும்.

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். சாதாரண கேஜ் அவற்றுள் மிக உயர்ந்த அளவை மட்டுமே பிடித்துவைத்துக் காட்டுவதால், ஒரு முகம் செத்துக் கிடந்தாலும் எண் அழகாகவே இருக்கும். ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் கிடைக்காவிட்டால், கேஜின் உள்வால்வைக் கழற்றிவிட்டு, பெட்ரோலும் இக்னிஷனும் வராதபடி ஃபியூஸை எடுத்து, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, முள்ளின் துள்ளலைக் கவனியுங்கள். புஸ், புஸ், புஸ் என்று மூன்றும் ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில் வர வேண்டும். இரண்டு ஓங்கி ஒன்று தேய்ந்தால் சீல் எங்கோ சிக்கியிருக்கிறது. இந்த எஞ்சினுக்குக் கம்பெனி வைத்த குறைந்தபட்ச அளவு, 250 ஆர்பிஎம்மில் சுமார் 100 பிஎஸ்ஐ. முகங்களுக்கிடையே 20 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இரண்டு ரோட்டர்களின் ஆறு முகங்களும் சமமாக, ஆனால் சற்றுக் குறைவாக வந்தால் அச்சமில்லை. சீல்கள் இன்னும் படியவில்லை, அவ்வளவுதான். பழைய ஹவுசிங்கின் குரோம் பூச்சு ஓரங்களில் உரிந்திருந்தால் மட்டும் புதுச் சீலும் படியாது. பூட்டுவதற்கு முன் எடுத்த படங்கள் இருந்தால் பாருங்கள்.

அளவு திருப்தியாக இருந்தால் மட்டுமே ரன்னிங்-இன் (புது சீல்கள் படியும்வரை பொறுமையாக ஓட்டுவது) தொடரலாம். 800 கிலோமீட்டர் போதும் என்பாரும் உண்டு. என் கணக்கு 1,500. அதுவரை 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டாமல், பூஸ்ட் மீட்டரின் முள் பூஜ்ஜியத்துக்கு மேல் ஏறாதபடி காலால் கட்டுப்படுத்த வேண்டும், ஏனெனில் இந்தக் காரின் இரு டர்போக்களில் முதலாவது மிகக் குறைந்த சுற்றிலேயே விழித்துக்கொள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே வேகத்தில் விடுவது சுகம்தான், ஆனால் சீல் படிவதற்கு வேகம் ஏறி இறங்க வேண்டும். அதற்கு அரியாங்குப்பம், தவளக்குப்பம் வழியே விடியற்காலையில் செல்வது நல்லது. பகல் நெரிசலில் நின்று நின்று சூடேற்ற வேண்டாம். எஞ்சின் எண்ணெயை இப்போதே ஒருமுறை மாற்றிச் சாதாரண மினரல் 20டபிள்யூ-50 ஊற்றுங்கள், 1,000 கிலோமீட்டரில் மறுமுறை. பெட்ரோலில் லிட்டருக்கு ஐந்தாறு மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலப்பதையும் பரிந்துரைப்பேன். பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இது புதிதன்று.

பூஸ்டைத் தொடும் நாளில் 95 ஆக்டேனோ அதற்கு மேலோ உள்ள பெட்ரோல் இருக்கட்டும். கம்பெனி அளவான 10 பிஎஸ்ஐக்கு ஒரேயடியாகப் போகாமல், முதலில் ஓரிரு பிஎஸ்ஐயோடு நிறுத்தி, காற்று-எரிபொருள் விகித மீட்டர் கலவை வறண்டு போகிறது (பெட்ரோல் குறைந்து காற்று மிகுகிறது) என்று காட்டினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். வறண்ட கலவையில் எழும் ஒரே ஒரு நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) போதும், அபெக்ஸ் சீல் உடைய.