கைக்குள் அடங்கும் நீண்ட தூர டாக்டிகல் டார்ச்சை எப்படி எடை போட்டு வாங்குவது?

கேள்வி கேட்டவர் தான் பார்த்த ஆன்லைன் விளம்பரத்தின் விவரத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார். 3000 லூமன், 1500 மீட்டர் தூரம் அடிக்கும், ஒரே ஒரு 18650 பேட்டரி, அதன் கொள்ளளவு 8800 எம்.ஏ.எச்., ஃபுல் வெளிச்சத்தில் 5 மணி நேரம் நிற்கும், தலைப்பகுதி 26 மி.மீ., சட்டைப் பையில் அடங்கும். மலையடிவாரத்தில் அவருக்கு 5 ஏக்கர் தோப்பு. மும்முனைக் கரண்ட் ராத்திரியில் வரும்போது மோட்டார் போடப் போக வேண்டும். வழியில் பன்றியோ யானையோ நிற்கிறதா என்று தூரத்திலேயே தெரிய வேண்டும். வாங்கலாமா என்கிறார்.

இதை வாங்காதீர்கள். ஆனால் இதே அளவில் ஒரு நல்ல டார்ச் உங்களுக்குப் போதும். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன், கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் அடிவாரத்துக்காரன், பேட்டரி லைட் இல்லாமல் ராத்திரி வரப்பில் கால் வைக்காதவன். இந்த விஷயத்தில் கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்பிப் பலரும் பணத்தை விடுவதைப் பார்த்து மனசு ஆறவில்லை.

முதலில் லூமன். டார்ச்சிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியே வரும் மொத்த வெளிச்சம் அது. வீட்டில் மாட்டும் 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட்டும் கிட்டத்தட்ட 2000 லூமன் தருகிறது, ஆனால் அது பக்கத்துத் தோப்பு வரை போவதில்லை. தூரத்தைத் தீர்மானிப்பது கேண்டெலா. ஒரே திசையில் எவ்வளவு வெளிச்சம் குவிகிறது என்பதற்கான அளவு அது. 400 லூமன் டார்ச் ஒன்று 3000 லூமன் டார்ச்சைவிட இரண்டு மடங்கு தூரம் அடிக்கலாம். விளம்பரத்தில் லூமனைக் கொட்டை எழுத்தில் போட்டுக் கேண்டெலாவைச் சொல்லாமல் விட்டால், அங்கேயே சந்தேகப்படுங்கள்.

தூரம் என்று போடுகிறார்களே, அதற்கும் ஓர் அளவுமுறை உண்டு. அமெரிக்காவில் 2009-ல் ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற பெயரில் வந்தது, ஒழுங்கான கம்பெனிகள் எல்லாம் அதைத்தான் பின்பற்றுகின்றன. ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்பார்கள்; அது எந்த இடத்தில் 0.25 லக்ஸ் ஆகக் குறைகிறதோ, அதுவரை உள்ள இடைவெளிதான் அந்த டார்ச்சின் தூரம். 0.25 லக்ஸ் என்பது ஏறக்குறைய மேகமில்லாத பௌர்ணமி நிலா வெளிச்சம். கணக்கு சுலபம்: கேண்டெலாவுக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். 40,000 என்றால் 400 மீட்டர். தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் கேண்டெலா நான்கு மடங்காக வேண்டும், கவனியுங்கள்.

இப்போது அந்த விளம்பரத்துக்கு வருவோம். 1500 மீட்டருக்கு 5,62,500 கேண்டெலா வேண்டும். 26 மி.மீ. தலையின் முகப்புப் பரப்பு சுமார் 530 சதுர மி.மீ. இங்கே ஓர் இயற்பியல் விதி குறுக்கே நிற்கிறது: ஒரு டார்ச்சின் கேண்டெலா, எல்.இ.டி.யின் மேற்பரப்பு எவ்வளவு செறிவாக ஒளிர்கிறது என்பதையும் முகப்பின் பரப்பையும் பெருக்கினால் வருவதைத் தாண்ட முடியாது. ரிஃப்ளெக்டரை எவ்வளவு பளபளப்பாகச் செய்தாலும் சரி, லென்ஸ் போட்டாலும் சரி. 5,62,500-ஐ 530-ஆல் வகுத்தால் ஒரு சதுர மி.மீ.க்கு ஆயிரம் கேண்டெலாவுக்கு மேல் வருகிறது. டார்ச்சில் போடும் எல்.இ.டி.களில் தூரத்துக்கென்றே பேர்போன ஓஸ்ராம் கம்பெனி வகைகள்கூட சில நூறைத்தான் தொடும். அதிலும் கண்ணாடியிலும் ரிஃப்ளெக்டரிலும் கொஞ்சம் போய்விடும். ஆக அந்த 1500 மீட்டர் நடக்காத காரியம்.

அதனால்தான் தூரம் அடிக்கும் டார்ச்சுகளுக்கெல்லாம் தலை பெருத்திருக்கிறது. கான்வாய் சி8 மாதிரி பல வருடமாக ஆர்வலர்கள் கையில் இருக்கும் மாடலைப் பாருங்கள், உடம்பு ஒல்லி, தலை மட்டும் 45 மி.மீ. அளவுக்கு அகலம். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, தூரம் இரண்டு மடங்கு. 25 மி.மீ. தலைக்குள் சிறிய, செறிவான எல்.இ.டி.யை வைத்து நேர்மையாகச் செய்தால் 400 முதல் 500 மீட்டர் வரை எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. எல்.இ.பி. என்று ஒரு வகை இருக்கிறது. நீல லேசரைப் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளின் துண்டின் மேல் அடித்து வெள்ளை வெளிச்சமாக்கும் வகை அது. சின்னத் தலையிலேயே ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஆனால் வெளிச்சம் கம்பி மாதிரிப் போகும், பக்கவாட்டில் எதுவுமே தெரியாது, விலையும் பல மடங்கு. தோப்புக்கு அது வேண்டாம்.

சரி, உங்களுக்கு எவ்வளவு தூரம் தேவை? 5 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 142 மீட்டர். அவ்வளவுதான். 40,000 கேண்டெலா டார்ச் 142 மீட்டரில் கிட்டத்தட்ட 2 லக்ஸ் கொடுக்கும், அதாவது பௌர்ணமி நிலாவைப் போல எட்டு மடங்கு. மரங்களின் இடைவெளியில் ஒரு பன்றிக் கூட்டம் மேய்வதைப் பார்க்க இது தாராளம்.

ஏன் எட்டு மடங்கு, ஒரு மடங்கு போதாதா என்று தோன்றும். போதாது. நிலா வெளிச்சத்தில் நம் கண் முழுக்க இருட்டுக்குப் பழகியிருக்கும். டார்ச் அடிக்கும்போது பக்கத்திலிருக்கும் புல்லும் தூசியும் பளிச்சென்று தெரிவதால் கண் சுருங்கிவிடும். தூரத்தில் விழுந்த வெளிச்சம் அங்கிருந்து திரும்பியும் வர வேண்டும். அதனால் அட்டைப்பெட்டியில் போட்ட தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் பாதி, அதுதான் ஒரு பொருளை இன்னதென்று அடையாளம் காணும் தூரம். மானுக்கும் காட்டுமாட்டுக்கும் கண் மின்னும், அதனால் ரொம்பத் தூரத்திலேயே தெரிந்துவிடும். யானையை அப்படிக் கண் மின்னுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். மண் பூசிய உடம்பு வெளிச்சத்தைக் குடித்துவிடும். மர நிழலோடு நிழலாக நிற்கிற யானையைக் கண்டுபிடிக்க வெளிச்சத்தின் அளவைப் போலவே வெளிச்சத்தின் நிறமும் முக்கியம், அதைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். நீலம் பாய்ந்த 6500 கெல்வின் வெள்ளையில் காய்ந்த ஓலையும் பழுப்பு உடம்பும் ஒரே சாம்பலாகத் தெரியும். 5000 கெல்வின் பக்கத்தில் கிடைத்தால் லூமன் கொஞ்சம் குறைந்தாலும் அதையே எடுங்கள். மூடுபனி இறங்கும் நாட்களில் எந்த டார்ச்சும் கண் முன்னால் வெள்ளைச் சுவரைத்தான் எழுப்பும். டார்ச்சை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடித்தால் ஓரளவு பார்க்கலாம்.

அடுத்தது சூடு. விளம்பரங்கள் மறைக்கும் பெரிய விஷயம் இதுதான். நல்ல எல்.இ.டி.யும் சர்க்யூட்டும் சேர்ந்து ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும் என்று வைத்துக்கொண்டால் 3000 லூமனுக்கு 30 வாட் வேண்டும். கைக்குள் அடங்கும் அலுமினியக் குழாய் அந்தச் சூட்டைத் தாங்காது, நம் கையும் தாங்காது. அதனால் ஓரிரு நிமிடத்தில் சர்க்யூட்டே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். இது பாதுகாப்பு, குறை இல்லை. ஆனால் குறைத்த பிறகு எவ்வளவில் நிற்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. எஃப்.எல்.1 முறையில் எரியும் நேரத்தை, ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எண்ணலாம். அப்படியானால் 5 மணி நேரம் என்று போட்டதில் முதல் மூன்று நிமிடம் மட்டும் முழு வெளிச்சம், மீதி நேரமெல்லாம் மங்கல் என்றாலும் அது விதிப்படி சரிதான்!

ஆறுதலான விஷயம் என்னவென்றால், வெளிச்சம் பாதியானாலும் தூரம் பாதியாவதில்லை, சுமார் 70 சதவீதம் மிஞ்சும். வெளிச்சம் கால்வாசியானால்தான் தூரம் பாதி. அதனால் முதல் வினாடியில் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், பத்து நிமிடம் கழித்து எவ்வளவு என்று பாருங்கள். நல்ல விமர்சனம் எழுதுகிறவர்கள் நேரத்துக்கு எதிரே வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று வரைபடம் போடுவார்கள். பத்தாவது நிமிடத்தில் கோடு பாதிக்கு மேல் நின்றால் எனக்குத் திருப்தி.

பேட்டரியில் பொய் இன்னும் அப்பட்டமாக இருக்கும். 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். இந்த அளவுக்குள் நிஜமாகக் கிடைப்பது 3500 எம்.ஏ.எச். பக்கத்தில்தான். 8800, 9900 என்று ஒட்டியிருப்பதெல்லாம் வெறும் ஸ்டிக்கர். தராசில் வைத்துப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும், நல்ல 18650 சுமார் 45 முதல் 50 கிராம் இருக்கும். 3500 எம்.ஏ.எச். பேட்டரியில் இருக்கும் மொத்தச் சக்தி 12.6 வாட்-மணி. அந்த 3000 லூமன் டார்ச்சை முழு வெளிச்சத்தில் எரித்தால் 25 நிமிடம்தான் தாங்கும். 5 மணி நேரம் எங்கிருந்து வரும்? இதைவிடக் கொஞ்சம் தடித்த 21700 பேட்டரி 5000 எம்.ஏ.எச். பக்கம் கொடுக்கும், கைப்பிடி சற்றே பருமனாவது பரவாயில்லை என்றால் அதுவே மேல். அப்புறம், அந்தக் கம்பெனி மட்டுமே விற்கும் தனி வகைப் பேட்டரி வேண்டாம், இரண்டு வருடம் கழித்துக் கிடைக்காது. டைப்-சி சார்ஜிங் இருந்தால், இரு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளில் ஏறுகிறதா என்று வந்த அன்றே பாருங்கள். மலிவு டார்ச்சுகள் பல பழைய யு.எஸ்.பி. முனைக் கேபிளில் மட்டுமே ஏறும்.

டாக்டிகல் என்ற சொல்லுக்கு எந்தத் தரச்சான்றும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எண்பதுகளில் போலீஸ், ராணுவக் கைகளுக்காக வந்த ஷ்யூர்ஃபயர் 6பி டார்ச் வெறும் 65 லூமன்தான். அதை டாக்டிகல் ஆக்கியது வெளிச்சம் இல்லை, வால் பக்கத்துச் சுவிட்ச். பெருவிரலால் அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். உங்களுக்கும் அதுதான் வேண்டும். அரை அழுத்தில் எரிந்து, முழுதாக அழுத்தினால் டிக்கென்று நிலைக்கிற சுவிட்ச் நல்லது. அழுத்தி விட்ட பிறகுதான் எரியும் சுவிட்சும் உண்டு, அவசரத்தில் அது உதவாது. முதல் அழுத்திலேயே முழு வெளிச்சம் வருகிறதா பாருங்கள். லோ, மீடியம், ஹை, ஸ்ட்ரோப், எஸ்.ஓ.எஸ். என்று வரிசையாகச் சுற்ற வைக்கிற டார்ச்சை நான் கையாலும் தொட மாட்டேன். யானை பக்கத்தில் நிற்கும்போது வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் வந்து தொலைத்தால் என்ன ஆகும்? யானை முகத்தில் எந்த வெளிச்சத்தையும் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள். நிற்கிறது என்று தெரிந்ததும் வந்த வழியே திரும்புங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். மோட்டார் ஒரு ராத்திரி ஓடாவிட்டால் தென்னை பட்டுப்போகாது.

இன்னொன்றும் நான் அழுத்தியே சொல்வேன். தூரம் அடிக்கும் டார்ச் காலடிக்கு ஆகாது. நடுவில் கூசும் ஒரு வட்டம், அதைச் சுற்றி மங்கல். வரப்பில் கிடக்கும் கட்டுவிரியன் அந்த மங்கலில் தெரியாது, அதுவோ ராத்திரியில் நடமாடும் பாம்பு. நடப்பதற்கு அகலமாகப் பரவும் சின்ன ஹெட்லேம்ப் ஒன்று நெற்றியில் இருக்கட்டும், கையிலிருக்கும் டார்ச் தூரத்தைப் பார்க்க மட்டும். இரண்டையும் ஒரே டார்ச்சில் தேடினால் இரண்டும் அரைகுறையாகத்தான் வரும்.

தண்ணீருக்கு ஐ.பி.எக்ஸ். 7 போதும், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். வாய்க்காலில் விழுந்தாலும் பிழைத்துவிடும். மரையில் இருக்கும் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தடவுங்கள்.

டார்ச் வீட்டுக்கு வந்ததும் அணைத்த நிலையில் எதிரே மேஜையில் வைத்துவிட்டு, சில மீட்டர் தள்ளி நின்று அதன் முகத்தை நேராகப் பாருங்கள். எல்.இ.டி.யின் மஞ்சள் நிறம் ரிஃப்ளெக்டர் முழுக்க நிரம்பித் தெரிந்தால் குவியம் சரியாக இருக்கிறது. நடுவிலோ ஓரத்திலோ கறுப்பு வளையங்கள் தெரிந்தால் அந்தப் பரப்பு தூரத்துக்கு உழைக்கவில்லை. அடுத்து, விலை குறைந்த லக்ஸ் மீட்டர் ஒன்றை எங்காவது கடன் வாங்குங்கள். ஃபோனிலிருக்கும் சென்சார் இவ்வளவு வெளிச்சத்தில் தடுமாறும். இருட்டில் 10 மீட்டர் அளந்து வைத்து, எரியவிட்ட அரை நிமிடம் கழித்து நடு வட்டத்தில் வரும் அளவை 100-ஆல் பெருக்கினால் அதுதான் கேண்டெலா. 400 லக்ஸ் காட்டினால் 40,000. பத்து நிமிடம் எரியவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். 200-க்குக் கீழே இறங்கிவிட்டால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.