பாய்ப் படகில் தீப்பிடித்தால்: அணைப்பதா, குதிப்பதா?

பினாங்கின் பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "12 அடி நீளமுள்ள பழைய மரப் படகு ஒன்றை வாங்கிப் பாய் கட்டியிருக்கிறேன். காற்று ஓய்ந்துவிட்டால் கரை திரும்புவதற்காகப் பின்புறத்தில் சிறிய பெட்ரோல் இஞ்சின் ஒன்றையும் மாட்டியிருக்கிறேன். வார இறுதிகளில் 11 வயது மகனோடு பத்து உபானிலிருந்து ஜெரெஜாக் தீவுப் பக்கம் போய் வருகிறேன். படகில் தீப்பிடித்தால் அணைக்க முயல வேண்டுமா, உடனே கடலில் குதித்துவிட வேண்டுமா? எந்தத் தீயணைப்பானை வாங்குவது?"

முதலில் படகைத் திருப்புங்கள். அடுத்து, கையிலிருக்கும் ஒரே தீயணைப்பான் தீரும்வரை அணைக்கப் பாருங்கள். அது தீர்ந்த பின்னும் தழல் அடங்காவிட்டால், காற்று வரும் பக்கமாக இருவரும் நீரில் இறங்கிவிடுங்கள். இந்த வரிசை மாறினால் ஆபத்து. பெரிய படகில் தீயிலிருந்து பின்வாங்க அறையும் தளமும் உண்டு. 12 அடிப் படகில் நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் தீக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு எட்டுத் தூரம்தான்.

மரப் படகு என்றதும் மரம் பற்றி எரிவதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் திடமான பலகை ஒரு பக்கமாகக் கருகும் வேகம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. மெல்லிய ஒட்டுப்பலகை மட்டும் சற்று விரைவாகப் போகும். உங்களைச் சுடுவது பெட்ரோலும் பாயும்தான். பெட்ரோல் உறைபனிக்கு வெகு கீழே, ஏறத்தாழ மைனஸ் 40 பாகையிலும் பற்றக்கூடிய ஆவியை விடுவது. நம் பினாங்கு வெயிலில் மூடியைத் திறந்த கணமே ஆவி கிளம்பிவிடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல், படகின் அடிப்பலகைகளுக்குக் கீழே, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். பழைய படகு ஒன்றைப் பார்க்கச் சொல்லி ஒருமுறை என்னை அழைத்திருந்தார்கள். மேலே நின்றபோது எந்த வாடையும் இல்லை. மிதிபலகை ஒன்றை விரலால் தூக்கியதும் மூக்கில் அறைவதைப் போல் பெட்ரோல் வாடை வந்தது. பலகை இடுக்கில் பழைய எண்ணெய் கறுத்துப் பிசினாகப் படிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் இஞ்சினைக் கிளப்புவதற்கு முன் நீங்களும் அந்தப் பலகையைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் இஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுக்காதீர்கள்.

தீ பிறக்க வாய்ப்புள்ள நேரங்களில் ஒன்று, பெட்ரோல் ஊற்றும் நேரம். கடலில் நின்றபடி சூடான இஞ்சினின் தலைமேல் சாய்ந்து ஊற்றும்போது இரண்டு சொட்டுச் சிந்தினால் போதும். ஆகவே கரையிலேயே, இஞ்சின் ஆறிய நிலையில் நிரப்புங்கள். நடுக்கடலில் தீர்ந்துபோனால் துடுப்புப் போடுங்கள். அவசரம் என்றாலும் கை வைத்தால் சுடாத அளவுக்கு இஞ்சின் ஆறட்டும். டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்காக எண்ணெய் கலந்த பெட்ரோல் அவ்வளவு எளிதில் பற்றாது என்று படகுத்துறையில் சிலர் சொல்வார்கள்; அதை நம்ப வேண்டாம்.

இனிப் படகைத் திருப்புவது. உங்கள் இஞ்சின் பின்பலகையில் இருக்கிறது. சுக்கான் பிடியும் அங்கேதான். ஆக, தீ எழும் இடத்துக்கு மிக அருகில் இருப்பது உங்கள் கை. பாயை இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றை விட்டுவிட்டு, படகின் முன்முனை, அதாவது அணியம், காற்றை நோக்கும்படி சுக்கானைத் தள்ளுங்கள். தழல் படகுக்குள் வராமல் பின்னால் கடல் பக்கம் சாயும். ஆனால் படகு காற்றை எதிர்கொண்ட நிலையில் பாயின் அடிக்கம்பு நேராக இஞ்சினுக்கு மேலே வந்து நிற்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இக்காலப் பாய்கள் பாலியெஸ்டர் துணி. அது உருகிச் சொட்டும், சொட்டியது தோலில் ஒட்டிக்கொள்ளும். எனவே பாயை ஏற்றும் கயிற்றை உடனே அவிழ்த்துப் பாயைக் கீழே விட வேண்டும்; இயன்றால் துணி படகுக்குள் விழாமல் நீரில் விழட்டும். அந்தக் கயிறு பாய்மரத்தடியில்தான் கட்டியிருக்கும், உங்கள் மகன் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில். அவனுடைய வேலை அது ஒன்றே: அவிழ்த்துவிட்டு அணியத்தில் போய் உட்காருவது. பாய் இறங்கிய படகு காற்றுக்கு நேரே அதிக நேரம் நிற்காது, சில நொடிகளில் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கும். அந்தச் சில நொடிகளில்தான் நீங்கள் தீயணைப்பானைப் பயன்படுத்த வேண்டும். படகைப் பிடித்து நிறுத்த நங்கூரத்தை நம்பாதீர்கள். ஜெரெஜாக் கால்வாயில் நீரோட்டம் வலுவானது, நங்கூரமிட்ட படகு காற்றைப் பார்க்காமல் நீரோட்டத்தைப் பார்த்துத் திரும்பும்.

முன்பக்கத்தில் தீ என்றால் இதற்கு நேர்மாறு: பின்பலகை காற்றைப் பார்க்கட்டும்.

1 கிலோ உலர்தூள் தீயணைப்பான் உங்கள் படகுக்குப் பொருந்தும்; அது ஏறக்குறைய 10 நொடிகளில் தீர்ந்துவிடும். பிடியை அழுத்துவதற்கு முன்பே எரிபொருள் குழாயின் திருகை மூடிவிடுங்கள். மூடாமல் தூள் அடித்தால் சூடான இஞ்சினின் மேல் பெட்ரோல் மறுபடி வழிந்து மறுபடி பற்றும், இரண்டாம் முறைக்கு உங்களிடம் தூள் இருக்காது. தழலின் நுனியில் அடிக்காமல் அடியில், இடம் வலமாக அடியுங்கள். தீயணைப்பானை இஞ்சினுக்கு அருகில் மாட்டாதீர்கள், நடுப்பலகையின் கீழ் வையுங்கள். அலையின் குலுக்கலில் தூள் அடியில் இறுகிக் கட்டியாகும் என்பதால் மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா, உப்புக் காற்றில் பிடி துருவேறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எரியும் பெட்ரோலின் மேல் வாளித் தண்ணீரைக் கொட்டாதீர்கள். பெட்ரோல் நீரில் மிதந்து படகெங்கும் பரவும். பெட்ரோல் அணைந்த பிறகு, புகையும் பலகைக்கும் கயிற்றுக்கும் கடல் நீர்தான் சரியான மருந்து. இடுக்குகளில் கங்கு ஒளிந்திருக்கும், தாராளமாக ஊற்றுங்கள். தீ சிறியதாக இருக்கும்போது நனைத்துப் பிழிந்த பருத்திக் கைலியைப் போர்த்தியும் மூச்சடைக்கச் செய்யலாம். உபரி பெட்ரோல் வைத்திருக்கும் கேன் இன்னும் தீப்பிடிக்கவில்லை என்றால், முதல் வாய்ப்பிலேயே காற்று போகும் பக்கமாகக் கடலில் தூக்கி எறியுங்கள்.

தூள் தீர்ந்தும் தழல் அடங்காவிட்டால் தயங்காதீர்கள். படகு போனால் போகட்டும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக இறங்குங்கள், ஏனென்றால் ஆளில்லாத படகைக் காற்று உங்களைவிட வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும். எரியும் பெட்ரோலும் அதோடு போகும். மறுபக்கம் இறங்கினால் அவ்வளவும் உங்கள் மேல் வரும். மிதவைச் சட்டை போட்டவரால் எரியும் பெட்ரோலுக்கு அடியில் மூழ்கி நீந்தவும் முடியாது. மகனின் சட்டைத் தோள்பட்டியைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு படகு நீளமாவது விலகுங்கள்; ஆனால் புகை கண்ணில் படும் தூரத்திலேயே இருங்கள், தேடி வருபவர்கள் அந்தப் புகையைப் பார்த்துத்தான் வருவார்கள். கைப்பேசியை நீர்புகா உறையில் இட்டு உடம்போடு கட்டியிருங்கள், பையில் போட்டால் பையோடு எரிந்துவிடும். 999-ஐ அழைத்து, பினாங்குப் பாலத்துக்கு எந்தப் பக்கம், ஜெரெஜாக்கின் எந்த முனைக்கு எதிரே என்று அடையாளத்தோடு சொல்லுங்கள்.

சுட்ட இடத்தை 20 நிமிடங்கள் நீரால் குளிர்வியுங்கள். நல்ல நீர் இல்லாதபோது கடல் நீரிலேயே தொடங்கலாம். வீங்குவதற்கு முன் மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். பற்பசையும் கிச்சாப்பும் (சோயா சாறு) நம் வீடுகளில் இன்றும் பூசப்படுகின்றன. இரண்டும் காயத்தைக் கெடுக்கும், மருத்துவர் பார்ப்பதையும் கடினமாக்கும். சுத்தமான பிளாஸ்டிக் உறைத்தாளால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடுத்த வாரம் கடலுக்குப் போவதற்கு முன், கரையோரத்தில் இடுப்பளவு நீரில் படகை நிறுத்திக்கொண்டு ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு எரிபொருள் திருகைத் தடவிக் கண்டுபிடித்து மூட வேண்டும். மகன் பாய்க்கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்க்க வேண்டும். முடிச்சு அவன் விரலுக்கு இறுக்கமாக இருந்தால், அன்றே முடிச்சை மாற்றிவிடுங்கள்.